சித்தியடையாதவர் நீக்கப்படுவார்

நான் வேலை செய்த கல்லூரியில் இப்போது மாணவர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெண் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார். பரீட்சையில் தவறும் மாணவர்களை எச்சரிப்பது, நீக்குவது பற்றிய விதிகளைத் திருத்தப்போகிறார்களாம். பழைய விதிகளின் தமிழ்ப் பிரதியைக் கையோடு கொண்டு வந்திருந்தார்.

"சிலதப் படிச்சா எதுக்கு இப்படி எழுதினாங்கன்னே வெளங்கல சேர்" என்று ஒரு வரியைக் காட்டினார்: ஒரு மாணவர் எழுதிய விடைத்தாளை அந்த மொழி தெரிந்த ஒருவர் வாசித்து முடிக்கும்வரை அவரைச் சித்தியடையாதவர் என்று கொள்ளலாகாது. "இத விதியா வேற எழுதணுமா? வாசிக்காம யாராச்சும் பெயில் போடுவாங்களா?"

அந்த வரி எழுதப்பட்ட கூட்டத்தில் குறிப்பெடுத்தவன் நான். வாயால் சொன்னதை விட எழுதித் தந்தால் உதவும் என்று அவர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

நான் கொடகவெல கடைத்தெருவில் பிறந்தவன். அப்பாவுக்குத் துணிக்கடை. வீட்டில் தமிழ், கடையில் சிங்களம், பள்ளியில் படித்த ஆங்கிலம் என்று மூன்றும் கைவசம் இருந்ததால் அறுபதுகளின் நடுவில் எங்கள் மாவட்டத்துத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் லிகிதர், அதாவது எழுத்தர் வேலை கிடைத்தது. கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். கட்டட வரைபடம், மின்னிணைப்பு, மோட்டார் திருத்தம், கணக்குப்பதிவு ஆகிய பாடநெறிகள் அங்கே இருந்தன. பிள்ளைகளில் பெரும்பாலோர் சிங்களவர். தோட்டங்களிலிருந்தும் கடைவீதிகளிலிருந்தும் கொஞ்சம் தமிழ்ப் பிள்ளைகள் வந்தார்கள். முதல் சில வருடங்கள் தபால் பதிவதிலும் கோப்புக் கட்டுவதிலும் போய்விட்டன. எழுபதுகளின் தொடக்கத்தில் மாணவர் பிரிவு என் மேசைக்கு வந்தது. கூடவே இந்த விதிகளும் வந்தன.

விதிகள் கடினமானவை அல்ல. அரையாண்டுப் பரீட்சையில் இரண்டு பாடங்களில் தவறினாலும், வரவு குறைந்தாலும், அடுத்த அரையாண்டு முழுவதும் அந்த மாணவர் தகுதிகாண் நிலையில் இருப்பார். பிள்ளைகள் அதைப் புரபேஷன் என்றுதான் சொல்வார்கள். அந்தக் காலத்தில் விளையாட்டு அணியில் சேர முடியாது, சங்கங்களில் பதவி வகிக்க முடியாது. திங்கட்கிழமைதோறும் என்னிடம் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அரையாண்டு முடிவில் எல்லாப் பாடங்களிலும் சித்தியடைந்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். இல்லாவிட்டால் என்ன என்பதை விதிப்புத்தகம் ஒரே வரியில் சொன்னது: சித்தியடையாதவர் நீக்கப்படுவார். நீக்கப்பட்டவர் அதே பாடநெறிக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

அப்போது அதிபராக இருந்தவர் விக்கிரமாரச்சி. ரயில்வேயில் பொறியியலாளராக இருந்துவிட்டு வந்தவர். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை; கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அவருடன் வேலை செய்தவர்களுக்கு அதுதான் பயம். ஒரு மாணவரை நீக்குவதற்கு அவர் வைத்திருந்த நடைமுறை எந்தப் புத்தகத்திலும் இல்லை. கடிதத்தைத் தபாலில் அனுப்ப விடமாட்டார். மாணவரை அழைத்து, தானும் எழுந்து நின்றுகொண்டுதான் சொல்வார். கதவு திறந்தே இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் கையெழுத்துப் போடவே மாட்டார். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன்.

"திங்கட்கிழமை சொன்னால், அடுத்த நாள் வந்து நம்மிடம் சண்டை போடலாம்" என்றார். "வெள்ளிக்கிழமை சொன்னால் இரண்டு நாள் யாரிடம் போய்ச் சண்டை போடுவான்?"

நீக்கிய பிறகு இரண்டு கேள்விகள் கேட்பார். இங்கிருந்து எங்கே போகிறாய்? வீட்டில் முதலில் யாரிடம் சொல்வாய்? பதில் வரும்வரை பேசாமல் நிற்பார். அழுகிற பிள்ளைகளும் உண்டு, முறைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளும் உண்டு. பதில் சொல்லாமல் யாரும் அறையை விட்டுப் போனதில்லை.

நான் பொறுப்பேற்ற முதல் வருடம் கேகாலைப் பக்கம் அரநாயக்கத் தோட்டமொன்றிலிருந்து கருப்பையா என்பவர் வந்தார். மகன் மின்னிணைப்புப் படித்துக்கொண்டிருந்தான். தகுதிகாண் நிலைக் கடிதம் வீட்டுக்குப் போயிருந்தது. வேட்டியும் கோட்டும் போட்டு, கையில் ஒரு உறையோடு என் மேசைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எம் மகன் என்ன குத்தம் செஞ்சான் சேர்?"

"குத்தம் ஒண்ணும் செய்யலியே. ஏன் கேக்குறீங்க?"

உறையைத் திறந்து இரண்டு நற்சான்றுகளை மேசையில் வைத்தார். ஒன்று தோட்டத்துத் துரை கொடுத்தது, மற்றது கோயில் தலைவர் கொடுத்தது. இரண்டிலும் அவர் மகன் ஒழுக்கமான பிள்ளை, எந்தத் தீய சகவாசமும் இல்லாதவன் என்று எழுதியிருந்தது.

"எங்க லயத்துல ஒரு பயல இப்பிடித்தான் கொண்டு போனாங்க. நன்னடத்தை ஐயா வந்தாரு, கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அவன் தேங்கா திருடினான். எம் மகன் அப்பிடிப்பட்டவன் இல்லீங்க."

அப்போதுதான் விளங்கியது. பழைய கடிதத்தைத் தமிழாக்கியவர் அகராதியைப் பார்த்து 'நன்னடத்தைக் காலம்' என்று எழுதிவிட்டிருந்தார். நன்னடத்தை உத்தியோகத்தர் என்றால் எங்கள் பக்கத்துச் சனங்களுக்கு நீதிமன்றத்திலிருந்து வருகிறவர்தான் தெரியும்.

"உங்க மகன் ரெண்டு பாடத்துல பெயில். அதுக்குத்தான் இந்தக் கடிதம்."

"பெயிலா? வெறும் பெயிலுதானா?" அப்போதுதான் உட்கார்ந்தார். கோட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு சிரித்தார். "அந்தக் கழுதய நான் ரெண்டு நாளா மாரியம்மன் படத்துக்கு முன்னால நிக்க வச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டிருக்கேன் சேர்."

சிரிப்புச் சத்தம் கேட்டு விக்கிரமாரச்சி வந்தார். நான் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கருப்பையாவுக்குக் கைகூப்பிவிட்டு, கடிதத்தின் தமிழைத் திரும்ப எழுதச் சொன்னார். எழுதியதைக் கருப்பையாவுக்கே வாசித்துக் காட்டச் சொன்னார். அவர் விளங்குகிறது என்று சொன்ன பிறகுதான் அது தட்டச்சுக்குப் போனது. அந்தக் கடிதத்தில் தண்டனை மாதிரி ஒரு சொல்லும் இல்லை. இந்தப் பாடங்களில் தவறியிருக்கிறீர்கள், அடுத்த பரீட்சையில் எல்லாவற்றிலும் சித்தியடைய வேண்டும், இல்லாவிட்டால் படிப்பைத் தொடர முடியாது. அவ்வளவுதான். கருப்பையாவின் மகன் அடுத்த பரீட்சையில் நன்றாகவே செய்தான்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும், பின்னால் வருவதற்கு அது தேவை. இரத்தினக்கல் வியாபாரி ஒருவரின் மகன் கட்டட வரைபடப் பிரிவில் இருந்தான். தகுதிகாண் நிலையில் இருந்தபோதும் ஒரு பாடத்தில் தவறினான். ஒரு பாடம்தான், அதுவும் சில புள்ளிகளில். அப்பா பெரிய காரில் வந்தார். அவருக்கு முன்பே அரசியல்வாதி ஒருவரின் தொலைபேசி அழைப்பு வந்துவிட்டது. விக்கிரமாரச்சி எழுந்து நின்று, பையனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். பிறகு வழக்கமான இரண்டு கேள்விகளையும் கேட்டார். பையன் மரியாதையாகப் பதில் சொன்னான். அப்பாதான் வாசல்வரை கத்திக்கொண்டு போனார். அதற்குப் பிறகு விதி வளையாது என்பது மாவட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

இனி புஷ்பவல்லியின் கதைக்கு வருகிறேன்.

றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண். அப்பா இல்லை, அம்மா கொழுந்து பறிப்பவர், ஒரு தங்கை உண்டு. எழுபத்தேழில் கட்டட வரைபடப் பிரிவில் சேர்ந்தாள். டவுனில் ஒரு தேநீர்க்கடைக் குடும்பத்தோடு தங்கியிருந்தாள். கோடு போடுவதில் அவள் கை அபாரம். அவளுடைய வரைபடங்களை நடைபாதைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்கள். கணக்கும் வரும். சிரமம் எல்லாம் கட்டடப் பொருட்கள், கட்டுமான முறை என்ற இரண்டு எழுத்துப் பாடங்களில்தான்.

அவள் சேர்ந்தபோது அந்தப் பாடங்களைத் தமிழில் நடத்த யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த விரிவுரையாளர் ஒருவர் இருந்தார். அந்த வருடம் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு அவர் மாற்றம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் தங்கியிருந்த அறையின் கதவை உடைத்திருந்தார்கள். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. தமிழில் படித்த மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். புஷ்பவல்லி மட்டும் சிங்கள வகுப்பில் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

முதல் பரீட்சையில் இரண்டு எழுத்துப் பாடங்களிலும் தவறினாள். தகுதிகாண் நிலை. திங்கட்கிழமைதோறும் வந்து கையெழுத்துப் போட்டாள். ஒரு நாள் கேட்டேன்.

"சிங்கள வகுப்பு வெளங்குதா?"

"வெளங்குது சேர்."

"அப்புறம் ஏன் பெயிலானே?"

"கேட்டா வெளங்குது. எழுதத் தெரியாது. தமிழ்ல எழுதுனா வகுப்பு எடுக்குற சேருக்கு வாசிக்கத் தெரியாது. அதனால அந்தத் தடவ சிங்களத்துல எழுதப் பாத்தேன், எழுத்தே வரல."

"இந்தத் தடவ?"

"தமிழ்லயே எழுதப்போறேன். விதியில எழுதலாம்னு இருக்குல்ல?"

இருந்தது. இரண்டு மொழிகளில் எதிலும் எழுதலாம் என்று தெளிவாக இருந்தது. அவள் எழுதினாள். கட்டுமான முறைப் பரீட்சை பெரும்பாலும் படம் போடுவது என்பதால் அதில் சித்தி கிடைத்தது. கட்டடப் பொருட்கள் விடைத்தாள் மட்டும் திருத்தப்படாமல் என் மேசைக்குத் திரும்பி வந்தது. பிரிவுத் தலைவரும் அந்தப் பாடத்தை நடத்துபவருமான குலரத்ன அதன் மேல், இதை வாசிக்கக்கூடியவர் இங்கே இல்லை என்று எழுதியிருந்தார்.

தமிழ் தெரிந்த பரீட்சகர் ஒருவரைக் கேட்டுக் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினோம். பதில் இல்லை. மறுபடி எழுதினோம். அதற்கும் இல்லை. விக்கிரமாரச்சி ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ்டர் மாணிக்கம், உங்களுக்குத் தமிழ் தெரியும். நீங்கள் வாசித்துப் பார்க்கலாமே?"

"வாசிக்கலாம் சேர். சரியா பிழையா என்று எனக்கு எப்படித் தெரியும்? சுண்ணாம்புக்கும் சீமெந்துக்கும் வித்தியாசம் கேட்டாலே எனக்குச் சரியாகச் சொல்ல வராது."

அவர் தலையாட்டினார். கல்விச்சபை கூடும் நாள் வந்துவிட்டது. தகுதிகாண் நிலையில் இருப்பவர்களைப் பற்றி அந்தக் கூட்டத்திலேயே முடிவெடுக்க வேண்டும் என்பதும் விதி.

கூட்டத்தில் குலரத்ன முதலில் பேசினார். அவரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் கெட்டவர் அல்ல. நேரத்துக்கு வருவார், முழுமையாகப் பாடம் நடத்துவார், எந்தப் பிள்ளைக்கும் இரக்கப்பட்டுப் புள்ளி போட மாட்டார், எந்தப் பிள்ளையின் புள்ளியையும் குறைக்கவும் மாட்டார்.

"சித்தியடையாதவர் நீக்கப்படுவார்" என்று வாசித்தார். "இந்தப் பிள்ளை சித்தியடைந்திருக்கிறாளா? இல்லை. எனக்கும் வருத்தம்தான். ஆனால் சில புள்ளிகளில் தவறிய பையனைப் போன வருடம் அனுப்பினோம். இவளை வைத்துக்கொண்டால் அவன் அப்பாவுக்கு நான் என்ன சொல்வது?"

விக்கிரமாரச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அந்தப் பையனைப் பரீட்சித்தோமா?"

"பரீட்சித்தோம்."

"இந்தப் பிள்ளையை?"

"அவள் பரீட்சை எழுதினாள்."

"அவள் எழுதினாள் என்பது தெரியும். நாம் பரீட்சித்தோமா என்று கேட்கிறேன்."

குலரத்ன விதிப்புத்தகத்தை மூடினார். மறுபடி திறந்தார். பரீட்சகர் அவசியமென்று கருதினால் வாய்மொழியாகவும் பரீட்சிக்கலாம் என்று வேறொரு பக்கத்தில் இருந்தது. உடல்நலக் குறைவுள்ள மாணவர்களுக்காக எழுதப்பட்ட வரி அது. அவரே அதைக் கண்டுபிடித்து வாசித்தார். இது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. தன் வாதத்துக்கு எதிரான வரியைத் தானே தேடி வாசித்த மனிதர் அவர்.

"வாய்மொழியாகப் பரீட்சிக்கலாம்" என்றார். "ஆனால் யார் மொழிபெயர்ப்பது? மிஸ்டர் மாணிக்கமா? அவரும் தமிழர், அவளும் தமிழ்ப் பிள்ளை. நான் அவரைச் சந்தேகப்படவில்லை. வெளியே கேட்பார்கள்."

அது என் முகத்துக்கு நேரே சொல்லப்பட்டது. வலிக்கத்தான் செய்தது. ஆனால் கேள்வி நியாயமானது. வெளியே நிச்சயம் கேட்பார்கள்.

"வேறு ஆள் இருந்தால் கூப்பிடுங்கள்" என்றேன். "இல்லாவிட்டால் நான் செய்கிறேன். அவள் சொல்வதைச் சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

வேறு ஆள் இல்லை. அந்த வாரமே நாள் குறித்தார்கள்.

புஷ்பவல்லியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நீ சிங்களத்துலயே பதில் சொல்லலாமே. றக்வானப் பக்கம் வளர்ந்த புள்ளைக்கு வராதா?"

"வேணாம் சேர். நீங்களே சொல்லுங்க."

"நான் ஒனக்காகப் பேசப்போறதில்ல. நீ சொல்றத மட்டும்தான் சொல்லுவேன்."

"நான் தப்பா சொன்னா?"

"தப்பாவே சொல்லுவேன்."

"அதுதான் சேர் சரி" என்றாள். பிறகு, "அம்மா வருது. பொட்டியக் கட்டி வைக்கச் சொல்லியிருக்கு. கணக்கப்பிள்ள செக்ரோல்ல பேர் பதிய வரச் சொல்லிட்டாராம். வீட்டுல ஒருத்தர்தான் வேல செய்யிறதுன்னா காம்பராவ விடச் சொல்லுவாங்க சேர்" என்றாள். செக்ரோல் என்பது தோட்டத் தொழிலாளரின் பெயர்ப் பதிவேடு; லயம் என்ற வரிசை வீட்டில் அவர்கள் இருந்த ஒற்றை அறையைத்தான் காம்பரா என்றாள். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு எங்கள் பக்கம் வேலை குறைந்து, அறைகளும் கைமாறிக்கொண்டிருந்த காலம் அது.

அதிபரின் அறையில் பரீட்சை நடந்தது. விக்கிரமாரச்சி நடுவில், குலரத்ன ஒரு பக்கம், கணித விரிவுரையாளர் மறு பக்கம். நான் அவளுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு நாற்காலியில். சுவரில் ஒரு கரும்பலகை.

நல்ல செங்கல் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று குலரத்ன கேட்டார். ஒன்றோடொன்று தட்டினால் மணி மாதிரி சத்தம் வர வேண்டும், நகத்தால் கீறினால் கோடு விழக்கூடாது, தண்ணீரில் போட்டால் அளவுக்கு மேல் குடிக்கக்கூடாது என்று தமிழில் சொன்னாள். நான் சொன்னேன். சுவரில் ஈரம் ஏறுவதைத் தடுப்பது எப்படி என்ற கேள்விக்கும் சரியாகவே சொன்னாள். அத்திவாரத்துக்கு மேல் ஈரத்தடைப் படை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, முழங்கால் உயரம் வரைக்கும் சுவர் நனைந்து பூச்சு உதிரும், பாயைச் சுவரோரம் விரிக்க முடியாது என்றாள். அதையும் அப்படியே சொன்னேன். கணித விரிவுரையாளர் எழுதிக்கொண்டார்.

மூன்றாவது கேள்வி, கொங்கிரீட் போட்ட பிறகு முதல் நாட்களில் என்ன செய்ய வேண்டும் என்பது.

அவள் அவசரப்பட்டாள். "வெயில் நல்லா படணும். நல்லாக் காய விடணும். ஈரமே இல்லாமப் பாத்துக்கணும்" என்றாள்.

எனக்குக் கட்டடம் தெரியாது. ஆனால் எங்கள் கடைக்குப் பின்னால் தளம் போட்டபோது மேசன் வேலையாள் ஈரச்சாக்கு போட்டு நனைத்துக்கொண்டே இருந்தது தெரியும். பிழை என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்க்காமல், சொன்னதைச் சொன்னபடி சிங்களத்தில் சொன்னேன்: வெயில் நன்றாகப் பட வேண்டும், நன்றாகக் காய விட வேண்டும், ஈரமே இருக்கக்கூடாது.

குலரத்ன பேனாவை எடுத்துவிட்டு நிறுத்தினார். "இன்னொரு தடவை சொல்லுங்கள்."

மறுபடி அதையே சொன்னேன்.

அவர் எழுதத் தொடங்கும்போது புஷ்பவல்லி பேசினாள். சிங்களத்தில் பேசினாள்.

"சேர், நான் அப்படித்தான் சொன்னேன். அவர் சரியாகத்தான் சொன்னார். ஆனால் அது பிழை. அவர் சொல்லும்போது காதில் விழுந்ததும் எனக்குத் தெரிந்தது. நனைத்து வைக்க வேண்டும். சீக்கிரம் காய்ந்தால் வெடிக்கும். ஈரச்சாக்குப் போட்டு மூடி வைக்க வேண்டும். திருத்தலாமா?"

குலரத்ன பேனாவைக் கீழே வைத்தார்.

"திருத்தலாம். உனக்குச் சிங்களம் இவ்வளவு வருமா?"

"நான் றக்வானையில் பிறந்தவள் சேர்."

"அப்படியென்றால் என் வகுப்பில் ஏன் ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை?"

"ஒரு தடவை திறந்தேன் சேர்."

"எப்போது?"

அவள் அதிபரைப் பார்த்தாள். விக்கிரமாரச்சி, "சொல்லு, பரவாயில்லை" என்றார்.

"வந்த புதிதில். பலகையில் சேர் போட்ட படம் விளங்கவில்லை என்று கேட்டேன். கேட்கும்போது சேரை 'ஒயா' என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்."

தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஒயா என்றால் நீ என்று அர்த்தம். கூட்டாளியிடம் சொல்லலாம், ஆசிரியரிடம் சொல்லக்கூடாது. எங்கள் சனங்கள் சிங்களத்தைப் பள்ளியில் கற்கவில்லை. சந்தையிலும் பஸ்ஸிலும் காதால் கற்றார்கள். சந்தையில் எல்லோரும் ஒயாதான்.

"எல்லோருமா சிரித்தார்கள்?" என்று விக்கிரமாரச்சி கேட்டார்.

புஷ்பவல்லி தரையைப் பார்த்தாள்.

"நானும்தான்" என்றார் குலரத்ன. அவருக்கு அது ஞாபகம் வந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. பேனாவை எடுத்துக்கொண்டு, "அடுத்த கேள்வி" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை இல்லை. அவள் நேரடியாகச் சிங்களத்தில் பதில் சொன்னாள். குலரத்ன இளகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கேள்விகள் இன்னும் கடினமாகின. மரம் பதப்படுத்துவதில் அவள் தடுமாறினாள்; தெரியாது என்றாள். அவர் அதற்குப் புள்ளி போடவில்லை. அத்திவாரத்தின் வெட்டுமுகத்தைச் சொல்லால் விளக்க முடியாமல் நின்றபோது வெண்கட்டி கேட்டு வாங்கிப் பலகையில் வரைந்தாள். முடிந்ததும் அவளை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

மூவரும் தனித்தனியாகப் புள்ளியிட்டுக் கொடுத்தார்கள். மூன்றும் சித்தி. குலரத்னவின் புள்ளிதான் குறைவு, ஆனால் சித்தி.

தகுதிகாண் நிலை நீங்கிய செய்தியை மாணவர்களுக்குச் சொல்வது என் வேலை. நான் எழுந்தபோது, "நானும் வருகிறேன்" என்று குலரத்ன கூடவே வந்தார்.

வாசலில் அம்மா உட்கார்ந்திருந்தார். தகரப்பெட்டி கயிறு போட்டுக் கட்டியிருந்தது. றக்வானை பஸ் புறப்படும் நேரம் தவறிவிடக்கூடாது என்று பெட்டியை நேரே கல்லூரிக்கே கொண்டு வந்துவிட்டார். மகள் பக்கத்தில் நின்றாள்.

"பாஸ். படிப்பு தொடரலாம்" என்றேன்.

புஷ்பவல்லி கயிற்றின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவுக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. "நெசமாவா? பொறகு திரும்ப அனுப்ப மாட்டீங்கல்ல?" என்று கேட்டார். பிறகு குலரத்னவைப் பார்த்து, சந்தைச் சிங்களத்தில், "ஒயாவா என் புள்ளைக்குப் படிச்சுக் குடுக்கிறது?" என்றார்.

புஷ்பவல்லி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆமாம் அம்மா. நான்தான்" என்றார் குலரத்ன, சிங்களத்தில். "இனிமேல் முன்வரிசையில் உட்கார வைக்கிறேன்."

சொன்னபடி உட்கார வைத்தார். அடுத்த கூட்டத்தில் விதித் திருத்தத்தைக் கொண்டு வந்தவரும் அவர்தான். விடைத்தாளை அந்த மொழி தெரிந்தவர் வாசிக்கும்வரை சித்தியடையாதவர் என்று கொள்ளலாகாது என்ற வரியை அவரே சிங்களத்தில் எழுதினார். தமிழை நான் எழுதினேன். அந்தத் திருத்தத்தில் வாய்மொழிப் பரீட்சையையும் தெளிவாகச் சேர்த்திருந்தோம். அதனால் முதலில் பயன்பெற்றவன் பரீட்சைக்கு முந்திய வாரம் வலது கை முறிந்த ஒரு சிங்களப் பையன்.

புஷ்பவல்லியின் அம்மாவுக்குக் காம்பரா கைவிட்டுப் போகவில்லை. சின்ன மகள் பேர் பதிந்தாள் என்று பின்னால் அறிந்தேன். அந்தப் பிள்ளைக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஒருத்தி படிக்க இன்னொருத்தி கொழுந்துக் கூடையை எடுத்தாள். புஷ்பவல்லி அதை மறைக்காமல் என்னிடம் சொன்னாள். படித்து முடித்து, கேகாலையில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் வரைபடக்காரியாகச் சேர்ந்தாள். முதல் வேலையாக ஒரு பள்ளிக்கூடக் கழிவறை வரைந்ததாகச் சொல்லிச் சிரித்தாள்.

விக்கிரமாரச்சி ஓய்வு பெற்ற பிறகு குலரத்ன அதிபரானார்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் கடை எரிந்தது. நானும் மனைவியும் பிள்ளைகளும் சில வாரங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் மற்றக் குடும்பங்களோடு இருந்தோம். கல்லூரி திறந்ததும் நான் வேலைக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். போக வேறு இடம் தெரியவில்லை என்பதுதான் உண்மை. மேசையில் வரவுப் பதிவேடுகள் குவிந்து கிடந்தன. தமிழ்ப் பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே எல்லாக் கட்டமும் வெறுமை. தொடர்ந்து வராதவர்களைத் தகுதிகாண் நிலையும் இல்லாமல் நேரே நீக்கலாம் என்று விதி இருந்தது. பெயர்களைத் தொகுத்துக்கொண்டு அதிபர் அறைக்குப் போனேன்.

குலரத்ன என்னை உட்காரச் சொன்னார். வீட்டைப் பற்றிக் கேட்டார். நான் சொன்னேன். பிறகு பெயர்களை வாங்கி வாசித்தார்.

"இந்த மாதங்களின் வரவு யாருக்கும் கணக்கில் எடுக்கப்படாது என்று எழுதுங்கள்."

"எந்த விதியின் கீழ் சேர்?"

"விதி இல்லை. எழுதுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்."

"பெயர்களுக்கு நேரே என்ன எழுதுவது?"

"ஒன்றும் எழுத வேண்டாம். பெயர் அப்படியே இருக்கட்டும்."

எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு இரண்டு தடவை எழுதினார்கள். இரண்டு தடவையும் அவரே பதில் எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை.

சில பிள்ளைகள் இந்தியாவுக்குப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். சிலர் வடக்கே போனார்கள். சிலரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அந்த வருடம் முடிவதற்குள் ஒரு காலை, றக்வானைப் பக்கத்துப் பையனும் அவன் தங்கையும் அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். இருவரும் கணக்குப்பதிவு மாணவர்கள். உள்ளே வரத் தயங்கினார்கள்.

"சேர், எங்க பேர வெட்டிட்டீங்களா?"

பதிவேட்டைத் திருப்பி அவர்கள் பக்கம் வைத்தேன். பையன் விரலை வைத்துத் தன் பெயரையும் தங்கையின் பெயரையும் தேடிக் கண்டுபிடித்தான்.

"மொத பாடம் தொடங்கிருச்சு" என்றேன். "போய் உக்காருங்க."